வளரிளம் பருவமும் சொல்லப்படாத சொற்களும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து அகவை என்பது பிள்ளைமை முடிந்து வளரிளமை தொடங்கும் எல்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 10 முதல் 19 அகவை வரை உள்ள காலத்தை வளரிளம் பருவம் என வரையறுக்கிறது. செஞ்சியின் மூன்று மலைகளுக்கிடையே பிறந்து வளர்ந்த இவ்வட்டமும் இன்று பத்து அகவை நிறைந்து அவ்வெல்லையில் நிற்கிறது. ஆதலின் 'மரபு பேணும் சமுதாயத்தில் வளரிளம் பருவத்தினர்க்கு உடல்நலக் கல்வி' என்னும் பொருள் இவ்விழாவுக்குப் பொருந்துவதே ஆகும்.

மருத்துவர் பேச வேண்டிய பொருள் இலக்கிய மேடைக்கு வருவானேன் என்னும் வினா எழலாம். மருத்துவரிடம் அறிவு உண்டு. ஆசிரியரிடம் பாடநூல் உண்டு. அரசிடம் திட்டம் உண்டு. இம்மூன்றும் ஒரு சிறுமியின் செவியையோ ஒரு சிறுவனின் செவியையோ சென்றடைய வேண்டுமாயின் இடையில் ஒன்று தேவைப்படுகிறது. கூச்சமின்றிச் சொல்லத்தக்க, அச்சமின்றிக் கேட்கத்தக்க சொல்லே அது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இப்பருவத்தினர் ஏறத்தாழ 25 கோடியர். அத்துணைப் பேர்க்கும் உரிய சொல் தமிழில் இருந்ததா, எங்கே தங்கிவிட்டது, அதனை மீட்பார் யார் என்பனவே இவ்வுரையின் வினாக்கள்.

பருவத்தை எண்ணிய மரபு

தமிழ்ப் புலவர் பருவங்களைக் கூர்ந்து எண்ணியவர். பிள்ளைத்தமிழ் பாடியோர் குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள் கணக்கில் பகுத்தனர். தலையசைத்து ஆடுவதும், கை கொட்டுவதும், அடியெடுத்து வருவதும் தனித்தனிப் பருவங்களாயின. உலாப் பாடியோர் பெண்ணின் வாழ்வைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழாகப் பகுத்தனர். பெருவழக்கான கணக்கில் மங்கைக்கு 12, 13 அகவை. மடந்தைக்கு 14 முதல் 19 அகவை. உலக நலவாழ்வு நிறுவனம் வளரிளமைக்குக் கூறும் மேல் எல்லையும் மடந்தைப் பருவத்தின் மேல் எல்லையும் ஒன்றாயிருத்தல் எண்ணி மகிழத்தக்கது. ஆண்மகனின் பருவங்களுக்கும் பாட்டியல் நூல்கள் பெயரிட்டன. இன்று மீசை அரும்பும் பிள்ளையைக் குறிக்கும் 'விடலை' என்னும் சொல் அப்பட்டியலில் உள்ளதேயாகும்.

எனினும் ஒன்றைக் கருதல் வேண்டும். உலாவில் வரும் மங்கையும் மடந்தையும் வீதியில் பவனி வரும் தலைவனைக் கண்டு மயங்குவதற்காகவே படைக்கப்பட்டவர்கள். அவர்தம் உடலுள் நிகழும் மாற்றத்தைப் பற்றி அவர்களே எழுப்பும் வினா ஒன்றும் ஆங்கில்லை. பருவம் வெளியிலிருந்து வியந்து பார்க்கப்பட்டது, உள்ளிருந்து பேசப்படவில்லை.

பூப்பு என்னும் சொல்லைச் சொல்ல முன்னோர் நாணினரோ எனின், இல்லை. தொல்காப்பியக் கற்பியல், தலைவன் பரத்தையிற் பிரிந்த காலத்தும் தலைவியின் பூப்பினைத் தொடர்ந்த பன்னிரண்டு நாள்களும் அவளை நீங்கியிருத்தல் அறமன்று என விதிக்கிறது. இலக்கண நூலொன்றில் எவ்வகைத் தயக்கமுமின்றி அச்செய்தி இடம்பெற்றுள்ளது. மறுபுறம், புறநானூற்றின் 299ஆம் பாட்டில் பொன்முடியார், போர்க்களத்தில் பின்வாங்கி நின்ற குதிரைகளுக்கு உவமையாக, முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாது விலகி நிற்கும் மகளிரைக் காட்டுகிறார். விலக்கி வைத்தலும் பழமையானது. வெளிப்படச் சொல்லுதலும் பழமையானது. பிற்காலம் முன்னதைப் பற்றிக்கொண்டு பின்னதைக் கைவிட்டது.

திரௌபதியின் மண்

இவ்வூரார்க்கு அயலில் தேடாமலே ஒரு சான்று உண்டு. செஞ்சிக்கோட்டை 2025ஆம் ஆண்டு சூலையில் மராத்தியரின் பன்னிரு கோட்டைகளுள் ஒன்றாக யுனெசுகோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் அதற்கு நெடுநாள் முன்னரே செஞ்சியின் பெயரை ஆய்வுலகிற்குக் கொண்டுசென்றவள் திரௌபதி அம்மன். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் 1988ஆம் ஆண்டு வெளியிட்ட திரௌபதி வழிபாட்டு ஆய்வின் முதற்பகுதி, செஞ்சியிலிருந்து குருச்சேத்திரம் வரை என்றே தன்னைக் குறித்துக்கொள்கிறது. பழஞ்செஞ்சி எனப்படும் மேலச்சேரியின் திரௌபதி அம்மன் கோயிலே ஆதி கோயில் என்பது இவ்வட்டார நம்பிக்கை.

கோடைக்காலத்தில் இப்பகுதிச் சிற்றூர்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நடைபெறும்; படுகளமும் தீமிதியும் நிறைவாக அமையும். துகிலுரிதல் ஆடப்படும் இரவில் ஊரே திரண்டிருக்கும். அக்கதையின் உயிர்நிலை யாது? அவைக்கு இழுத்து வரப்பட்ட அவ்வேளையில் திரௌபதி மாதவிலக்கில் ஓராடையுடன் இருந்தாள் என்பதே. வியாசர் அதனை மறைக்கவில்லை. பாரதியாரும் மறைக்கவில்லை. பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர் மறைந்தபின் 1924ஆம் ஆண்டு அச்சேறிய இரண்டாம் பாகத்தில் பாஞ்சாலி தன் வாயாலேயே மாதவிலக்கு என்னும் சொல்லைச் சொல்கிறாள். நாணத்தால் அடங்கிய குரலன்று அது. நீதி கேட்கும் குரல். தன் உடல்நிலையைச் சொல்லி, அதன் காரணமாகவே தன்னை அழைத்தல் முறையன்று என வாதிடுகிறாள்.

அம்மனின் உடல்நிலையை அறிந்த ஊர், அவள் பெயரையே சூட்டிய மகளுக்கு அவளுடைய உடல்நிலையைச் சொல்வதில்லை. இந்த முரணே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளின் மையம் எனலாம்.

ஊர் அறியும்; அவள் அறியாள்

ஒரு சிறுமி பூப்பெய்தினால் பந்தல் எழும், ஒலிபெருக்கி பாடும், அவள் படம் அச்சிட்ட பதாகை தெருமுனையில் நிற்கும், தாய்மாமன் சீர்வரிசையுடன் வருவார். ஊருக்கு எல்லாம் அறிவிக்கப்படுகிறது. அவளுக்கு எது அறிவிக்கப்படுகிறது? அது நோயன்று, காயமன்று என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர் எத்தனை பேர்? இந்திய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2016ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, முதற்பூப்புக்கு முன்னரே அதுபற்றி அறிந்திருந்த சிறுமியர் ஏறத்தாழச் சரிபாதியினரே எனக் கண்டது. எஞ்சிய பாதியினர் முதற்குருதியைக் கண்ட கணத்தில் அடைந்த அச்சத்தை எந்த மஞ்சள் நீரும் கழுவுவதில்லை.

மரபைக் குறைகூறுவதற்காக இது சொல்லப்படவில்லை. பாட்டிமார் அந்நாள்களில் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் ஊட்டியதில் நல்லறிவு இருந்தது. வளரும் உடலுக்குப் புரதமும் ஆற்றலும் வேண்டும் என்பதை அடுக்களை அறிந்திருந்தது. குறை யாதெனின், அந்த ஊட்டம் சடங்கோடு முடிந்துவிடுகிறது. குருதியிழப்போ திங்கள்தோறும் முப்பதாண்டுக்கு மேல் தொடர்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 அகவை வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 59 பேர் குருதிச்சோகை உடையவர். அதே அகவை ஆண்களுள் 31 பேர். சோகை பெண்களின் குறை மட்டுமன்று என்பதும் இதனால் விளங்கும்.

இதற்கென வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் திட்டம் 2013ஆம் ஆண்டு நாடளாவித் தொடங்கப்பட்டது. அம்மாத்திரையை உண்டால் மலம் கருமையாகும். சிலர்க்குக் குமட்டலும் தோன்றும். உணவுக்குப் பின் உண்டால் குமட்டல் குறையும், கருமை தீங்கற்றது. இவ்வளவையும் சொல்ல இரண்டு வாக்கியம் போதும். அவ்விரண்டு வாக்கியம் சொல்லப்படாவிடில் மாத்திரை சன்னல் வழியே வெளியேறும்.

வீட்டில் புழங்கும் சொற்களைக் காண்க: தீட்டு, தூரம், வீட்டுக்கு விலக்கு, ஒதுக்கம். ஒவ்வொன்றும் அவள் எங்கே நிற்கக் கூடாது என்பதைச் சொல்கிறது. அவளுள் என்ன நிகழ்கிறது என்பதைச் சொல்லவில்லை. மாறாக 'மாதவிடாய்' என்னும் சொல்லில் உள்ள 'விடாய்' களைப்பையும் நீர்வேட்கையையும் குறிப்பது. திங்கள்தோறும் வரும் களைப்பு எனப் பொருள்கொள்ள இடமிருத்தலின் அச்சொல்லில் பரிவு இருக்கிறது. அந்தப் பரிவான சொல்லோ பாடநூலில் தங்கிவிட்டது. விலக்கும் சொற்கள் வீட்டில் தங்கிவிட்டன.

'பெரியவளாகிவிட்டாள்' என்னும் தொடரும் ஆராயத்தக்கது. பன்னிரண்டு அகவையில் பூத்த உடல் வளர்ந்து முடிந்த உடலன்று. இடுப்பெலும்பு அதன்பின்னும் ஆண்டுகள் பல வளர்கிறது. முதலிரண்டு ஆண்டுகளில் மாதச் சுழற்சி சீரின்றி இருப்பதே இயல்பு. ஆனால் 'பெரியவள்' என்னும் சொல் வழங்கப்பட்டவுடன் திருமணப் பேச்சு எழுகிறது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணுக்கு 18 அகவை என்கிறது. ஆயினும் மேற்சொன்ன ஆய்வில் தமிழகத்தின் 20 முதல் 24 அகவைப் பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் பதினெட்டு நிறையுமுன் மணம் முடிக்கப்பட்டவராய் இருந்தனர். ஒரு பிழையான சொல் ஒரு வாழ்வை எவ்வளவு விரைவாக இழுத்துச் செல்கிறது என்பதற்கு இது சான்று.

விலக்கின் விலை சில வேளைகளில் உயிராகவும் இருந்துள்ளது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கசாப் புயல் கரை கடந்தபோது, தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பூப்பெய்தியமையால் வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்க வைக்கப்பட்டிருந்த சிறுமி, தென்னைமரம் குடிசைமீது சாய்ந்ததால் உயிர்நீத்தாள். அவளை அங்கே வைத்தவர் கொடியவர் அல்லர், அன்புள்ள பெற்றோர். அன்பிருந்தும் அவளைக் காக்க இயலாமற் போனதற்குக் காரணம், வழக்கத்தை வினவும் சொல் எவர் வாயிலும் இல்லாமையே ஆகும்.

விடலையர்க்கு யார் சொல்வர்?

உடல்நலக் கல்வி என்றவுடன் பெண்பிள்ளைகளை மட்டும் எண்ணுதல் பெரும்பிழை. பெண்ணுக்குச் சடங்கேனும் உண்டு, ஆணுக்கு அதுவுமில்லை. குரல் உடைகிறது; முகத்தில் பரு எழுகிறது; உறக்கத்தில் விந்து வெளிப்படுகிறது. இவை யாவும் இயற்கை என அவனுக்குச் சொல்லும் தந்தை அரியர். வீடு வாய்மூடிய இடத்தில் சுவர் வாய்திறக்கிறது. 'இளமையில் செய்த தவறு' என்று அச்சுறுத்தும் விளம்பரங்களும், ஊர்தோறும் விடுதியறைகளில் குறித்த நாளில் தங்கும் வைத்தியர்களும், லேகிய வணிகமும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பிள்ளைகளின் அச்சத்தை விற்றுப் பிழைத்தன. இன்று அச்சுவரின் இடத்தைக் கைப்பேசித் திரை பிடித்துக்கொண்டது. அச்சத்தோடு பொய்யான ஆசையையும் அது சேர்த்து விற்கிறது.

இவ்வணிகத்துக்கு எதிராகப் பொதுமேடையில் தமிழில் பேசியவர் உண்டு. காலஞ்சென்ற மனநல மருத்துவர் மாத்ருபூதம், விசய் தொலைக்காட்சியின் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் நேயர்களின் வினாக்களுக்கு நகைச்சுவையோடும் நாகரிகத்தோடும் விடையளித்தார். தமிழில் இவற்றைப் பேச முடியும், கொச்சையின்றியும் பேச முடியும் என்பதை அவர் மெய்ப்பித்தார்.

வகுப்பறையில் நிகழ்ந்தது

நடுவணரசும் தேசிய எய்ட்சு கட்டுப்பாட்டு அமைப்பும் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2005ஆம் ஆண்டளவில் பள்ளிகளுக்குக் கொணர்ந்தன. 2007ஆம் ஆண்டு மகாராட்டிரம், குசராத்து, மத்தியப் பிரதேசம், கருநாடகம் முதலிய மாநிலங்கள் பண்பாட்டுக்கு ஒவ்வாதது எனக் கூறி அதனைத் தடுத்தன. 2009ஆம் ஆண்டு மாநிலங்களவையின் மனுக்குழுவும் பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என அறிக்கையளித்தது. அதே காலத்தில் சார்க்கண்டு மாநிலம் 2006ஆம் ஆண்டு தொடங்கிய 'உடான்' என்னும் திட்டம் பல்லாண்டு நிலைத்தது. உடான் என்றால் பறத்தல். பெயரே பெற்றோரை அச்சுறுத்தாமல் வரவேற்றது. சொல்லின் வலிமைக்கு அரசியல் தரும் சான்றாக இதனைக் கொள்ளலாம்.

எதிர்த்தோரின் அச்சத்தை எள்ளுதல் தகாது. அறிவித்தால் பிள்ளைகள் தவறான வழியில் செல்வரோ என்பது பெற்ற வயிற்றின் கவலை. ஆனால் 2018ஆம் ஆண்டு யுனெசுகோ திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளை ஆராய்ந்து, இக்கல்வி பிள்ளைகளை முன்கூட்டியே உடலுறவுக்குத் தூண்டுவதில்லை என முடிவு கூறியது. மேலும் 2012ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாலியல் குற்றங்களினின்று குழந்தைகளைக் காக்கும் சட்டம், குழந்தையின் வாக்குமூலத்தை நம்பி நிற்கிறது. தன் உறுப்பின் பெயரையே சொல்ல அறியாத குழந்தை தனக்கு நேர்ந்த கொடுமையை எவ்வாறு சொல்லும்? அறியாமை ஒருபோதும் கவசம் ஆகாது. அது குற்றவாளிக்கே அரண் ஆகும்.

2014ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் தொடங்கப்பட்ட தேசிய வளரிளம் பருவ நலத்திட்டம், ஊட்டச்சத்து, இனப்பெருக்க நலம், மனநலம், வன்முறைத் தடுப்பு, போதைத் தடுப்பு, தொற்றா நோய்த் தடுப்பு ஆகிய ஆறினையும் ஆண் பெண் இருபாலார்க்கும் உரியனவாக வகுத்தது. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு அறிவித்த 'புதுயுகம்' திட்டம், 10 முதல் 19 அகவைச் சிறுமியர்க்கு ஆண்டுக்கு 18 பொதி அணையாடைகளை இலவசமாக வழங்க வழிசெய்தது. பொருள் வீடுவரை வந்துவிட்டது. அதனைச் செய்தித்தாளில் சுற்றி ஒளித்து எடுத்துச் செல்லும் வழக்கம் மட்டும் போகவில்லை. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும், துணியாயின் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்துதல் வேண்டும், பதினைந்து அகவை கடந்தும் பூக்காவிடில் மருத்துவரைக் காணுதல் வேண்டும் என்பனவற்றைப் பொதியோடு சேர்த்துக் கொடுக்க ஒரு வாய் வேண்டும்.

கோவையைச் சேர்ந்த அருணாச்சலம் முருகானந்தத்தின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. 1998ஆம் ஆண்டு, மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்டு, மலிவான அணையாடை செய்ய முனைந்தார். பஞ்சும் எந்திரமும் பின்னர்க் கைகூடின. முதலில் அவர்க்குக் கிடைக்காமற் போனது, பயன் எவ்வாறிருந்தது என்று வாய்திறந்து சொல்லும் ஒரு பெண்ணின் சொல்லே. 2016ஆம் ஆண்டு அவர் பத்மசிறீ விருது பெற்றார்.

மரபு ஒரே குரலில் பேசுவதில்லை என்பதையும் மறத்தல் ஆகாது. இவ்வூரிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத மேல்மருவத்தூர்ச் சித்தர் பீடத்தில் மாதவிடாய் நாள்களிலும் பெண்கள் வழிபட இசைவு உண்டு. சமய நெறிக்குள்ளிருந்தே விலக்கு விலக்கப்பட்டமைக்கு அஃது எடுத்துக்காட்டு.

கவிஞர் கடன்

தமிழ்க் கவிதை இப்பொருளில் வாளாவிருக்கவில்லை. பூப்பெய்தியபின் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வாழ்ந்த கவிஞர் சல்மா, 2004ஆம் ஆண்டு வெளியிட்ட 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்னும் புதினத்தில் அத்தகைய சிறுமியரின் உலகைத் திறந்து காட்டினார். சித்த மருத்துவம் பயின்ற குட்டி ரேவதி 2002ஆம் ஆண்டு தம் தொகுப்புக்கு 'முலைகள்' எனத் தலைப்பிட்டபோது கடுஞ்சொற்கள் எழுந்தன. சங்கப் பாடல்களில் தடையின்றிப் பயின்ற ஒரு தமிழ்ச்சொல்லைப் பெண் ஒருத்தி தன் நூலின் அட்டையில் இட்டபோது அது குற்றமாயிற்று. ஆணின் கண்ணுக்கு அச்சொல் உரியது. பெண்ணின் வாய்க்கு உரியதன்று என்பதே அக்கண்டனத்தின் பொருள். ஒரு கவிஞர்க்கே அந்நிலை எனின், வகுப்பில் எழுந்து வினாக் கேட்க எண்ணும் பதின்மூன்று அகவைச் சிறுமியின் நிலையை உய்த்துணரலாம்.

ஆகவே இவ்வட்டத்தின் கவிஞர்கள்முன் மூன்று பணிகள் வைக்கத்தக்கன. முதலாவது, தென்னார்க்காட்டு வழக்கில் உடலையும் பருவத்தையும் குறிக்கும் சொற்களைத் தொகுத்தல். வசைச்சொல்லும் விலக்கும் சொல்லும் நீக்கி, தாயும் மகளும், தந்தையும் மகனும் வீட்டில் பேசத்தக்க சொற்களைத் தெரிந்தெடுத்தல். செவிலியரும் ஆசிரியரும் அச்சொல்லேட்டை வரவேற்பர். இரண்டாவது, கூத்துக் கலைஞரோடு அமர்ந்து, துகிலுரிதல் இரவில் கட்டியங்காரன் வாய்வழியே ஊர்க்கு நான்கு சொல் சொல்லச் செய்தல். நகைப்பும் உரிமையும் கட்டியங்காரனுக்கே உரியன. அவன் சொன்னால் ஊர் கேட்கும்.

மூன்றாவது, கவிஞர்க்கே உரியது. தமிழில் தாலாட்டு உண்டு, பிள்ளைத்தமிழ் உண்டு, காதற்பாட்டுக்கோ கணக்கில்லை. இவற்றிடையே பதினொன்று முதல் பதினேழு அகவை வரை உள்ளவர்க்கு, அவர்தம் வியப்பையும் கூச்சத்தையும் ஐயத்தையும் அவர்தம் குரலிலேயே பாடும் பாட்டு மிக அரிது. மூன்றாம் திங்கள் முதல் குழந்தையின் அசைவை எண்ணிப் பாடிய மொழிக்கு இது முடியாததன்று. பிள்ளைத்தமிழ் கண்ட புலவர்தம் வழித்தோன்றல்கள் 'வளரிளந்தமிழ்' ஒன்று காணலாகாதோ? காப்புப் பருவத்தில் தெய்வங்களை வேண்டிய இடத்தில் நல்லுணவையும் நல்லறிவையும் வேண்டலாம். அம்புலிப் பருவத்தில் நிலவை அழைத்த இடத்தில், நிலவைப் போலவே திங்கள்தோறும் வரும் மாற்றத்தை அஞ்சாமல் வரவேற்கக் கற்பிக்கலாம்.

வட்டத்தின் இருபதாம் ஆண்டு மலர் வெளிவரும் நாளில், இன்று பத்து அகவையில் நிற்கும் பிள்ளைகள் இப்பருவத்தைக் கடந்திருப்பர். அவர்கள் அச்சத்தோடு கடந்தார்களா, அறிவோடு கடந்தார்களா என்பதில் கவிஞர்க்கும் பங்குண்டு. அப்பங்கினைச் செலுத்த இவ்வட்டம் முன்வருமாக.